துத்தநாகம் செய்யாத அதிசயம்

கண்ணு,

நலமா, சாப்பிட்டாயா, புனேயில் மழையா வெயிலா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நேற்று மத்தியானம் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உன் பேருக்கு வந்த உறையை நான் பிரித்தது தப்புதான். ஆனால் யூனிவர்சிட்டி முத்திரை போட்ட உறையைக் கையில் வாங்கிவிட்டுப் பிரிக்காமல் வைக்கிற அம்மா இந்த பெங்களூரில் இன்னும் பிறக்கவில்லை. மறுமதிப்பீட்டில் மாற்றம் இல்லை என்று ஒரே வரி. எதற்கு மறுமதிப்பீடு, எதில் மாற்றம் இல்லை என்று முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு யார் வீட்டுக் கடிதமோ மாறி வந்துவிட்டது என்று கூட நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே பொடி எழுத்தில் இருந்த உன் பேரையும் பாடத்தின் பேரையும் சேர்த்து இரண்டாம் தரம் படித்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. நீ எஞ்சினீயரிங் முடிக்கவில்லை. ஒரு பேப்பர் பாக்கி. இரண்டு வருஷமாகப் பாக்கி. முடித்துவிட்டேன் என்று எங்களிடம் சொன்னாய், நாங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தோம். முடித்துவிட்டேன் என்று வனிதாவிடம் சொன்னாய், அவர்கள் பெண்ணையே கொடுக்கிறார்கள்.

அதுவும் எந்தப் பேப்பர்? உலோகங்களைப் பற்றிய பேப்பர்! உலோக அயனிகளோடு ஐந்து வருஷம் மாரடித்து டாக்டர் பட்டம் வாங்கியவள் பெற்ற பிள்ளை, அத்தனை பேப்பரையும் தாண்டிவிட்டு உலோகத்தில் போய்க் கோட்டை விட்டிருக்கிறான். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, அதற்குப் பிறகு உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும் போல வந்தது. நீ எட்டுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பிழைத்தாய்.

இதற்கிடையில் இன்று காலை வனிதாவின் அப்பா போன் செய்தார். கல்யாணப் பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். "சம்பந்தியம்மா, மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி பி.ஈ. மட்டும் போட்டா போதுங்களா, இல்ல அதுக்கு மேலயும் ஏதாவது படிச்சிருக்காரா?" என்று வாய் நிறையக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்வேன்? "பார்த்துச் சொல்றேங்க" என்றேன். என்னத்தைப் பார்ப்பது! நம் ஜனங்களுக்குப் பத்திரிகையில் பேரைவிட அதற்குப் பின்னால் தொங்குகிற எழுத்துதான் பெரிசு என்பது உனக்குத் தெரியாததில்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, மாப்பிள்ளை பேர் மொட்டையாக நிற்கிறதே என்று என் அப்பா தானாகவே அதற்குப் பின்னால் 'டர்னர்' என்று சேர்த்துவிட்டார். உன் அப்பா அன்றைக்கு அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டார். அவர் டர்னர்தான், பொய் இல்லை. தொழிற்சாலை லேத்தில் அவர் கடைந்த ஒரு பாகம் கூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். சொன்னால் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி. உன்னைத் திட்டப் போகிறேன் என்று நினைக்காதே. திட்டு மேலேயே முடிந்துவிட்டது. நான் ஒரு தரம் பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்த கதையைச் சொல்லப் போகிறேன். உன் அப்பாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது. ஒரு ஆராய்ச்சிக்காரி தன் முட்டாள்தனத்தைப் பெற்ற பிள்ளையிடம் சொல்வது சுலபமில்லை, அதையும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்.

நாம் மர்பி டவுனில் குடியிருந்தோம், நீ மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு கல்லூரியில் தற்காலிக லெக்சரர். டாக்டர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம், வாங்காவிட்டால் வருஷா வருஷம் ஜூன் மாதம் பிரின்சிபால் அறை வாசலில் போய் நிற்க வேண்டும். அதற்காக முப்பது வயசுக்கு மேல் யூனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன். என்ன ஆராய்ச்சி என்று உன் பெரியப்பா ஒரு நாள் கேட்டார். "ஒரு உலோக அயனி நடுவுல உட்காரும் மாமா, அதைச் சுத்தி வேற மூலக்கூறுங்க கை போட்டுப் பிடிச்சுக்கும். எத்தனை கை, எந்தப் பக்கத்துல இருந்து, எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு அளக்கறேன்" என்றேன். "அளந்து?" என்றார். "எழுதி வைப்பேன்." "எழுதி வெச்சு?" "அவ்வளவுதான்." அவர் உன் அப்பாவைப் பார்த்து, "தம்பி, உனக்கு ரொம்பப் பொறுமைடா" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது, கண்ணு. இப்படிக் கை போட்டுப் பிடிக்கிற மூலக்கூறை லிகண்ட் என்போம். ஒரு கையால் பிடிப்பதைவிட இரண்டு கையால் பிடித்தால் சீக்கிரம் விடாது. (இதை வைத்துக் கல்யாண மேடையில் பேசிவிடுவேனோ என்று பயப்படாதே. ஆசை இருக்கிறது, பேச மாட்டேன்.) என்னுடைய லிகண்ட் சாராயத்தில் கரைத்தால் எலுமிச்சம்பழ மஞ்சளாக இருக்கும். ஒரு சொட்டுத் தாமிரக் கரைசலைக் காட்டிவிட்டால் போதும், கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கருவியில் அளந்தால் பிடி எவ்வளவு இறுக்கம் என்று கணக்குப் போடலாம். தாமிரத்தைத்தான் எல்லா லிகண்டும் இறுக்கிப் பிடிக்கும். அதற்கு அடுத்து நிற்கிற துத்தநாகத்திடம் வந்ததும் பிடி தளர்ந்துவிடும். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இந்த வரிசைதான், மாறவே மாறாது. நான் தாமிரத்தை முடித்தேன், நிக்கலை முடித்தேன், இரண்டும் ஒழுங்காகத் தங்கள் இடத்தில் போய் நின்றன. துத்தநாகம் ஒன்றுதான் பாக்கி என்கிற நேரத்தில் டிபார்ட்மென்டில் தண்ணீர் வடிக்கிற சாதனம் படுத்துவிட்டது.

இந்த வேலைக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆவியாக்கிக் குளிரவைத்து வடித்த தண்ணீர்தான் வேண்டும். சாதனத்துக்குள் இருந்த சூடேற்றும் கம்பி கருகிவிட்டது. புதுசு வாங்க எழுதிப் போட்ட காகிதம் எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது. பக்கத்து டிபார்ட்மென்டில் கெஞ்சி வாங்கி ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று ரேஷன் வைத்தார்கள். அரை லிட்டரில் நான் பிப்பெட்டைக் கழுவுவேனா, ஆராய்ச்சி செய்வேனா? என் ஆராய்ச்சிக் கைடோ, எதற்கும் அசராத மனுஷர். மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம், தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். வெப்பநிலையை மாறாமல் வைக்கிற கருவி வேண்டும் என்று கேட்டதற்கே, "பெங்களூர்ல அது எதுக்கும்மா? மேல இருக்கிற தேவரே ஊரை இருபத்தஞ்சு டிகிரில வெச்சிருக்கார், ஜன்னலைத் திற" என்று சொன்னவர். தண்ணீருக்கு என்ன சொல்லியிருப்பார்? "ஏதாவது வழி பண்ணிக்கோம்மா, ஆனா நிக்காதே."

வீட்டில் வந்து புலம்பினேன். உன் அப்பாவிடம் யாரும் புலம்பக் கூடாது, உடனே எதையாவது செய்ய ஆரம்பித்துவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய பத்து லிட்டர் குக்கரை எடுத்தார். மூடியில் துளை போட்டு, குழாய் பொருத்தி, அதைச் சுருள் சுருளாக வளைத்துத் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி, மறு முனையைக் கண்ணாடி ஜாடிக்குள் விட்டார். குழாய் வாங்கப் புறப்பட்டவர் வாசலில் நின்று, "ஸ்டீல் பைப்பு போடட்டுமா, செம்பு பைப்பு போடட்டுமா?" என்று கேட்டார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "செம்புதான் சுத்தம், அதையே போடுங்க" என்றேன். கோயிலில் தீர்த்தம் செம்பில்தானே கொடுக்கிறார்கள், ராத்திரி செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் காலையில் அமிர்தம் என்றுதானே என் அம்மா வளர்த்தாள். மூன்று வருஷமாகத் தாமிரத்தை அளந்துகொண்டிருந்தவள், கையில் தோசைத் திருப்பியோடு நின்று சொன்ன பதில் இது. என்னை எதால் அடிப்பது என்று நீயே சொல்.

அந்தச் சாதனம் நம் கொல்லையில் புஸ் புஸ் என்று ஆவி விட்டு, சொட்டுச் சொட்டாக வடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் கலால் இலாகா ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மர்பி டவுன் கொல்லையில் குக்கரும் குழாயும் ஜாடியும் இருந்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள், கள்ளச்சாராயம் என்றுதானே? யாரோ புண்ணியவான் எழுதிப் போட்டிருக்கிறான். உன் அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வீட்டுக்காரம்மா ஆராய்ச்சிக்குங்க சார்" என்றதும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது. பெரியவர் ஜாடியை எடுத்து மோந்து பார்த்தார், விரலை விட்டு நாக்கில் வைத்தார், ஒரு மடக்கு குடித்தே பார்த்தார். "ஏன்ரீ இது, பரீ நீரு!" என்றார். வெறும் தண்ணீர் என்பதில் அந்த மனுஷருக்கு இருந்த துக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. போகும்போது ஸ்கூட்டர் பேட்டரிக்கு என்று ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

தினமும் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். துத்தநாகக் கரைசலை எல்லாம் வீட்டுத் தண்ணீரில் தயாரித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க உலோகமே சேர்க்காத வெறும் லிகண்ட் கரைசல் ஒன்று வேண்டும். அது மிகச் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று, அதற்கு மட்டும் ரேஷனில் கிடைத்த அரை லிட்டரைப் பொத்திப் பொத்திப் பயன்படுத்தினேன். விருந்தாளிக்கு நல்ல தட்டை எடுத்து வைக்கிற புத்தி, வேறென்ன! அந்தக் கரைசல் மஞ்சளாகவே இருந்தது. துத்தநாகம் போட்ட கரைசலோ கத்தரிப்பூ நிறத்தில் ஜொலித்தது. கணக்குப் போட்டால் துத்தநாகம் தாமிரத்துக்குச் சமமாகப் போய் நிற்கிறது. இருபது தரம் செய்தேன், இருபது தரமும் அப்படியே. கைடு என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏம்மா, ஜிங்க்கு இப்படிப் பண்ணும்னு யாராவது கனவு கண்டிருப்பாளா? பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுதணும்!" என்றார். ஊரில் நடக்கவிருந்த ஒரு பெரிய கருத்தரங்கில் தானே இதைப் படிக்கிறேன் என்று சொல்லி, அதற்கென்று கோட்டு தைக்கக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் தைத்த முதல் கோட்டு அது. நான் வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொல்லைக்குப் போய்க் குக்கரைத் தட்டிக் கொடுத்தார்.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருக்கும்போது டிபார்ட்மென்ட் சாதனம் ரிப்பேராகி வந்தது. ஆசைக்கு ஒரு தரம் அந்தத் தண்ணீரில் துத்தநாகத்தைச் செய்து பார்த்தேன். நிறம் வரவில்லை. மஞ்சள் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். மறுபடி செய்தேன், மறுபடி வரவில்லை. கைடு வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார். என் வாயில் எது வந்திருக்க வேண்டும்? தெரியவில்லை சார் என்று வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. "முனிராஜு ஃபிளாஸ்க்கை எல்லாம் சரியா கழுவலையோ என்னவோ சார்" என்றேன்.

முனிராஜு எங்கள் லேப் அட்டெண்டர். ஈஜிபுராவிலிருந்து சைக்கிளில் வந்து, நாங்கள் யாரும் வருவதற்கு முன்னால் அத்தனை கண்ணாடிச் சாமானையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பவர். கைடு அவரை எல்லா மாணவர்கள் முன்னாலும் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். "சார், மூணு தபா கழுவினேன் சார்" என்று மட்டும் முனிராஜு திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனுஷர் ஒவ்வொரு ஃபிளாஸ்க்கையும் ஆறு தரம் கழுவினார். கழுவிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மேசைக்கு அடியில் வீட்டுத் தண்ணீர் கேன் ஒன்று மிச்சம் இருந்தது கண்ணில் பட்டது. சும்மா ஒரு ஃபிளாஸ்க்கில் அதை ஊற்றி ஒரு சொட்டு லிகண்டை விட்டேன். துத்தநாகம் போடவே இல்லை. தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். செம்புக் குழாயை ஆவி கரைத்துக் கொண்டு வந்திருக்கிறது. இத்தனை மாதமும் நான் துத்தநாகத்தை அளக்கவே இல்லை. உன் அப்பா பைப்பை அளந்திருக்கிறேன்.

அதிலிருந்து கருத்தரங்குக்கு இரண்டு வாரம். அதில் பதினோரு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரு நாளைக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். சொன்னால் பட்டம் போகும், வேலை போகும். சொன்னால் கைடு கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொன்னால் உன் அப்பா மனசு உடையும், அவர் செய்ததால்தானே வந்தது என்று. பார்த்தாயா, நான் செம்பு என்று சொன்னதை வசதியாக மறந்துவிட்டு அவர் மேல் கூட ஏற்றிப் பார்த்தேன். ஒன்றை மறைத்து வைத்தால் அது தன்னந்தனியாக இருக்காது, கண்ணு, துணைக்கு இன்னும் நாலைக் கூட்டி வந்துவிடும். சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்தால் குமட்டியது. கேட்டால் பதில் சொல்லாமல் அழுதேன். உன் அப்பா இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஒரு கிலோ மாங்காயோடு வந்து நின்றார். "டாக்டரைப் பாக்கலாமா?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று உன்னிடம் வேறு சொல்லி வைத்திருந்தார். நீ உன் பென்சில் பெட்டியில் பாதி இடம் ஒதுக்கியிருந்தாய். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். மாங்காயை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் எழுந்து போய், ரம்பத்தை எடுத்து அந்தக் குழாயை நீளவாக்கில் அறுத்தார். உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பைப்பு என்னுது. நாளைக்கு உங்க சார் கிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஸ்டீலா செம்பான்னு நீங்க கேட்டீங்க. நான்தான் செம்புன்னு சொன்னேன்" என்றேன். அவர் ரம்பத்தைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஞாபகம் இருக்கு. நீ சொல்றியான்னு பாத்தேன்." உன் அப்பாவை அமைதியானவர் என்று ஊரே சொல்கிறது. அவர் எவ்வளவு அழுத்தக்காரர் என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். அவர் தொழிற்சாலைச் சீருடையில், கையில் அறுத்த குழாயோடு. கைடு முதலில் குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஒரு இடத்துலயும் நசுங்கலையே, மணல் ரொப்பி வளைச்சீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க சார்" என்றார் உன் அப்பா. "பேஷ்" என்றார் கைடு. பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அவர் திட்டியதில் பாதி கன்னடம், பாதி தமிழ், நடுவில் கொஞ்சம் சம்ஸ்கிருதம் கூட இருந்தது. தப்பு செய்ததற்கு ஐந்து நிமிஷம்தான் திட்டினார். பதினோரு நாளுக்கு முக்கால் மணி நேரம் திட்டினார். கருத்தரங்குக்குப் போன் போட்டுப் பெயரை எடுக்கச் சொன்னார். கோட்டு அலமாரிக்குப் போனது. ஒன்றரை வருஷம் கழித்து என் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது பொத்தான் எட்டவில்லை.

துத்தநாகத்தை முதலிலிருந்து செய்தேன். ஒரு வருஷம் கூடுதலாக ஆனது. அந்த ஜூன் மாதம் மறுபடி பிரின்சிபால் வாசலில் நின்றேன். கடைசியில் துத்தநாகம் பாடப்புத்தகம் சொன்ன இடத்திலேயே போய் ஒழுங்காக உட்கார்ந்தது. எந்த அதிசயமும் இல்லை. என் தீசிஸை உலகத்தில் ஆறு பேர் படித்திருப்பார்கள், அதில் ஒருவர் பைண்டிங் செய்தவர். ஆனால் அந்தப் பிடியை இன்றைக்கு யார் அளந்தாலும் அதே எண்தான் வரும். எனக்கு அது போதும்.

முனிராஜுவிடம் சொன்னதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். கைடிடம் சொன்ன அன்றே அவரிடமும் போனேன். "முனிராஜு, உங்க மேல தப்பு இல்ல. தண்ணியில தப்பு. தெரிஞ்சும் நான் பதினோரு நாள் சொல்லலை, மன்னிச்சுக்கோங்க" என்றேன். பெருந்தன்மையாக "பரவால்ல மேடம்" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கழுவிக்கொண்டிருந்த பீக்கரைக் கழுவி முடித்துவிட்டு, வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் சாமானைக் கடைசியில் கழுவினார். வாய் உடைந்த ஃபிளாஸ்க்காகப் பார்த்து என் மேசையில் வைத்தார். கைடும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நான் நினைத்ததுண்டு, மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன்.

மாதக் கடைசியில் ஒரு நாள் டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மேடம், நீங்க அன்னிக்கு சொல்லாம உட்டிருந்தா, நாமதான் சரியா கழுவலையோ, நம்ம கண்ணுதான் சரியில்லையோன்னு நான் பாட்டுக்கு நெனச்சிக்கினு இருந்திருப்பேன். கண்ணு டாக்டர் கிட்ட கூட போயி வந்தேன். நீங்க சொன்னப்புறம்தான் உங்க மேல நல்லா கோவப்பட முடிஞ்சுது. இப்ப ஆறிப்போச்சு. டீ குடிங்க" என்றார். இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இதைவிடப் பெரிய பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை. சொல்லிவிட்டால் நம் மனசு லேசாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மனசு கிடக்கட்டும். எதிராளிக்குச் சேர வேண்டிய கோபத்தை நாம் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம், அதைக் கொடுத்துவிட வேண்டும்.

ஆகையால் வனிதா உன்னைத் திட்டுவாள். திட்டட்டும். ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் இருப்பாள், கல்யாணத்தைத் தள்ளிப் போடச் சொன்னாலும் சொல்வாள், வேண்டாம் என்று கூடச் சொல்லலாம். அது அவள் பாத்தியதை. அவள் அப்பா என்னைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அப்பாவிடமும் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்லப் போவதில்லை. அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், பரீட்சைக்கு உன்னைப் படிக்க வைக்கிறேன் என்று லீவு போட்டுப் புனேவுக்குக் கிளம்பி வருவார். அதற்கு மட்டும் தயாராக இரு. பேப்பரை நான் சொல்லித் தருகிறேன். உலோகம்தானே, அழுதாவது சொல்லித் தருகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் போன் வந்தது. வனிதா. முதலில் என் மூட்டு வலியை விசாரித்தாள், பிறகு புடவை நிறத்தைப் பற்றிப் பேசினாள், பிறகு மறுபடி மூட்டு வலிக்கே வந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்ல அத்தை. அவர் பத்து நாளா ரொம்ப மரியாதையா பேசறார். நான் என்ன சொன்னாலும் சரிங்கறார், சண்டையே போட மாட்டேங்கறார். நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா அத்தை?" என்றாள்.

உனக்குப் பல்வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் இது, கடைசிப் பொய்யும் இதுதான். இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன், பல்வலி இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய்.

உன் அம்மா